புது லென்ஸ் முனகுகிறதா? பதறாதீர்கள்!

வீட்டில் குழந்தை பிறந்தால் முதல் வாரம் முழுவதும் தாய்க்குக் கவலைதான். தும்மினால் பயம், விக்கினால் பயம், தூக்கத்தில் முனகினாலும் பயம். பாட்டி வந்து, "பச்சைப் பிள்ளைக்கு இதெல்லாம் உள்ளதுதான்" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வருகிறது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்து வாங்குகிற புது கேமரா லென்ஸும் அப்படித்தான், நேயர்களே! முதல் வாரத்தில் அது போடும் சத்தம் எல்லாம் நோய் மாதிரியே தெரியும். எது நோய், எது இயல்பு என்று சொல்லப் பக்கத்தில் ஒரு பாட்டி இல்லாமல் போனால் என்ன ஆகும்? நான் அறிந்த ஒரு வீட்டின் கதையைக் கேளுங்கள்.

கோலா குபு பாரு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்த பையன் அவன். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டியவர். தாயார் மருந்து அடித்தவர். பையன் பத்தாங் காலியில் தொழிற்சாலை வேலைக்குப் போனான். அக்காளின் கல்யாணத்தைத் தன் கையால் படம் எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. எட்டு மாதம் ஓவர்டைம் செய்து, தூரத்தை அருகே இழுத்துக் காட்டும் புது லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தான். அன்றிரவு அஞ்சடியில் உட்கார்ந்து கேமராவில் மாட்டிப் பொத்தானைப் பாதி அழுத்தினான். உள்ளே "ம்ம்ம்" என்று ஒரு முனகல். விரலை எடுத்தால் "டக்" என்று ஒரு சத்தம். கேமராவை அணைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தான்; உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது.

"உடைந்த சாமானை நம் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று முடிவு கட்டிவிட்டான். அப்பாவிடம் சொல்ல வெட்கம். கடைக்குப் போனால் "நீதான் கீழே போட்டாய்" என்பார்களோ என்று பயம். லென்ஸைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், பத்துத் தலைகளுக்குப் பின்னால் நின்று கைத்தொலைபேசியில் எடுத்தான். படத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து அந்த லென்ஸ் என் கைக்கு வந்தது. கேமராவில் மாட்டிப் பார்த்தேன். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. முனகல் இயல்பான முனகல். உருளல் இயல்பான உருளல். ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. முனகியபோது அது ஆரோக்கியமாகத்தான் இருந்தது. அலமாரிக்குள் சத்தமில்லாமல் கிடந்தபோதுதான் அதற்கு நோய் வந்தது!

இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குப் போனாலும் நம் வீடுகளில் கேமரா வாங்குவது சாதாரண செலவு அல்ல. வாங்கிய பொருள் நல்லதா, கெட்டதா என்று தெரிந்துகொள்ள அரைமணி நேரமும் ஒரு பழைய செய்தித்தாளும் போதும்.

டிரசர் செய்வது போலச் செய்யுங்கள்

அந்தக் காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரி டிரசரை நினைவிருக்கிறதா? போனவுடன் ஊசியைத் தூக்கமாட்டார். "எப்போதிலிருந்து? எங்கே வலி? என்ன சாப்பிட்டாய்?" என்று வரிசையாகக் கேட்பார். லென்ஸுக்கும் அதே வைத்தியம்தான். முதலில் காது, பிறகு கண், கடைசியில்தான் கடை. திருப்புளியை மட்டும் கையில் எடுக்கவே கூடாது. ஒரு திருகைக் கழற்றினாலும் உத்தரவாதம் போய்விடும். உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் நேர்த்தி மயிரிழை தவறினாலும் நம் கையால் சரிசெய்ய முடியாது.

காதால் கேளுங்கள்

முதலாவது, "ம்ம்ம்" என்ற முனகல். இன்றைய பல லென்ஸ்களில் கை நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. இதைக் கேனன் கம்பெனி "ஐஎஸ்" என்றும், நிக்கான் "விஆர்" என்றும், சோனி "ஓஎஸ்எஸ்" என்றும், தாம்ரோன் "விசி" என்றும் குறிப்பிடுகின்றன. உங்கள் கை அசைந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கண்ணாடியை நகர்த்திப் படத்தை நிலைநிறுத்துவது அதன் வேலை. பொத்தானைப் பாதி அழுத்தியதும் அது விழித்துக்கொள்ளும்; அதுதான் முனகல். விரலை எடுத்துச் சில விநாடியில் கண்ணாடியைப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கும், அதுதான் "டக்". சோதிப்பது சுலபம். லென்ஸின் பக்கவாட்டில் உள்ள விசையை, விசை இல்லாவிட்டால் கேமராவின் பட்டியலில் உள்ள அமைப்பை அணையுங்கள். முனகல் நின்றால் அது இயல்பான சத்தம்.

இரண்டாவது, கேமரா அணைந்திருக்கும்போது உள்ளே உருளும் சத்தம். சில வகை லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும் கண்ணாடித் தொகுதியைப் பல் சக்கரம் பிடித்திருப்பதில்லை. காந்த சக்திதான் பிடித்திருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது அந்தத் தொகுதி தளர்ந்து, அசைத்தால் முன்னும் பின்னும் போய்வரும். கேமராவைப் போடுங்கள். உருளல் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். போட்ட பிறகும் உருண்டால் கடைக்குக் கொண்டு போங்கள்.

மூன்றாவது, வெயிலிலிருந்து நிழலுக்குக் கேமராவைத் திருப்பும்போது கேட்கும் "கிரிச் கிரிச்". நம் கண்மணி வெளிச்சத்தில் சுருங்கி இருட்டில் விரிவது போல, லென்ஸுக்குள் இருக்கும் இதழ்களும் சுருங்கி விரிகின்றன. அதன் சத்தம் இது.

நான்காவது, ஃபோகஸ் மோட்டாரின் சத்தம். இது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். கேனன் 1990-இல் வெளியிட்ட மலிவான 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று உலகமெங்கும் பெயர் பெற்றது. பழைய சாமான் விற்பவர்களிடம் இன்றும் கிடைக்கும். அது காப்பிக்கொட்டை அரைப்பது போலக் கரகரக்கும். அது அதன் பிறவிக் குணம். அதற்கு மாற்றாக 2015-இல் வந்த லென்ஸில் சத்தம் வெகுவாகக் குறைந்தது. ஆகவே, உங்கள் லென்ஸின் சத்தத்தை நண்பருடைய வேறு மாதிரி லென்ஸோடு ஒப்பிடாதீர்கள். அதே மாதிரியோடு ஒப்பிடுங்கள்.

வீடியோ எடுக்கும்போது இந்தச் சின்னச் சத்தங்களும் பெரிதாகப் பதியும். கேமராவின் மைக் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதே காரணம். கல்யாண வீடியோவுக்குத் தனி மைக் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும்.

சரி, பயப்பட வேண்டிய சத்தம் எது? மணல் அரைபடுவது போன்ற சத்தம். வளையத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் சிக்கி நழுவும் சத்தம். நடுக்கத் தடுப்பை அணைத்த பிறகும் நிற்காத "டிக் டிக்". சத்தத்தோடு கூடவே திரையில் படம் துள்ளுவது. பிழை என்று கேமரா எச்சரிக்கை காட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். கைத்தொலைபேசியில் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு கடைக்குப் புறப்படுங்கள்.

ஃபோகஸ் பிடிக்கவில்லையா?

நம் தாத்தா காலத்தில் பட்டணத்து ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கையால் திருகித் திருகித்தான் உருவத்தைத் தெளிவாக்கினார். அந்த வேலையைத் தானே செய்யும் கேமராவை 1977-இல் கோனிகா கம்பெனி கடைக்குக் கொண்டு வந்தது. 1985-இல் மினோல்டா 7000 வந்தது. லென்ஸை மாற்றக்கூடிய அந்தக் கேமராவின் உடலுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருந்தது. 1987-இல் கேனன் வேறு வழியில் போய் மோட்டாரை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்தது.

இந்தப் பழங்கதை எதற்கு என்கிறீர்களா? இன்றைய ஏமாற்றம் ஒன்று இதிலிருந்துதான் வருகிறது. நிக்கானின் பழைய ஏஎஃப் வகை லென்ஸ்கள் பலவற்றில் மோட்டார் கிடையாது. கேமராவின் மோட்டாரைத்தான் நம்பியிருக்கும். 2006-இல் வந்த டி40 முதல், டி3000, டி5000 வரிசைகள் வரை, நிக்கானின் மலிவான கேமராக்களில் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்தால் படம் எடுக்கலாம், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். அதேபோல நிக்கானின் புதிய ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் டி3200, டி5100 போன்ற பழைய கேமராக்களில் ஃபோகஸ் செய்வதில்லை. இதில் லென்ஸ் மீதும் பழி இல்லை, கேமரா மீதும் பழி இல்லை. பொருத்தம் பார்க்காமல் முடித்த சம்பந்தம், அவ்வளவுதான்! காசைக் கொடுக்கும் முன், உங்கள் கேமராவைக் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

பொருத்தம் சரியாக இருந்தும் ஃபோகஸ் பிடிக்காவிட்டால் வரிசையாகப் பாருங்கள்.

லென்ஸின் பக்கத்தில் உள்ள விசை "எம்எஃப்" என்ற பக்கம் தள்ளியிருக்கிறதா? பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு அது நகர்ந்துவிடுவது சகஜம். தூரத்தை வரையறுக்கும் விசை இருந்தால் அதை முழுத் தூரத்துக்கும் திருப்புங்கள். லென்ஸ் "கிளிக்" என்று பூட்டும் வரை திருகியிருக்கிறதா? கழற்றி, அடிப்பக்கத்தில் உள்ள பொன்னிறப் புள்ளிகளைப் பஞ்சு போன்ற உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து மறுபடி மாட்டுங்கள். அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்கின்றன. விரல் எண்ணெய் ஒட்டினால் பேச்சு தடைப்படும்.

அடுத்து, மிக அருகில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்தால் எழுத்துத் தெரியாதல்லவா? ஒவ்வொரு லென்ஸுக்கும் குறைந்தபட்சத் தூரம் ஒன்று உண்டு. பெரும்பாலும் லென்ஸின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். தூரத்து லென்ஸ்கள் பலவற்றுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தூரத்து லென்ஸால் எடுத்தால் அது முன்னும் பின்னும் ஓடித் தவிக்கத்தான் செய்யும்.

லென்ஸுக்கும் இருட்டில் கண் தெரியாது

ஆட்டோ ஃபோகஸ் என்பது மந்திரம் அல்ல. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே உள்ள விளிம்பைத் தேடித்தான் அது தூரத்தை அறிகிறது. வெள்ளைச் சுவரைக் காட்டினால் அதற்கு விளிம்பு கிடைக்காது. கோயில் கருவறை இருட்டில், கற்பூரப் புகைக்கு நடுவே காட்டினாலும் கிடைக்காது. அப்போது மணமகளின் கன்னத்தைக் குறிவைக்காமல் சேலைச் சரிகையின் ஓரத்தையோ, மாலையில் பூ முடியும் விளிம்பையோ குறிவையுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

கோலா சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாகக் கண்சிமிட்டும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எந்த லென்ஸை நீட்டினாலும் அது இங்கும் அங்கும் ஓடித் தோற்றுப் போகும். மின்மினிகளுக்குத் தொல்லை தரும் என்பதால் ஃபிளாஷ் போடவும் அங்கே அனுமதி இல்லை. பொழுது சாயும் முன்பே தூரத்து மரம் ஒன்றில் ஃபோகஸ் வைத்து, "எம்எஃப்" பக்கம் விசையைத் தள்ளிவிட்டால் அது அப்படியே நிற்கும். சில லென்ஸ்கள் கேமராவை அணைத்துப் போட்டால் இடம் மாறிவிடும். அதனால் அதுவரை அணைக்காதீர்கள்.

பிரேசர் மலைக்குப் போகிறவர்களுக்கு வேறு சோதனை. கோலா குபு பாருவிலிருந்து கேப் வழியாக ஏறும் அந்த மலையில் 1988-இல் தொடங்கிப் பறவை காணும் போட்டிகள் நடந்திருக்கின்றன. காதோரம் வெள்ளித் திட்டு உள்ள மெசியா என்ற சின்னப் பறவை புதரில் வந்து உட்காரும். கேமராவோ பறவையை விட்டுவிட்டு, முன்னால் நீட்டியிருக்கும் மூங்கில் கிளையைப் பிடித்துக்கொள்ளும். எதைப் பிடிப்பது என்பதைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டதுதான் தவறு. ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து, அதைப் பறவையின் கண் மேல் வையுங்கள்.

குளிர்ச்சாதனக் காரிலிருந்து இறங்கியவுடன் எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் பனி படியும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே விட்டு வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள்.

மங்கலா, நடுக்கமா, புள்ளியா?

தெளிவில்லாத படம் எல்லாம் ஃபோகஸ் கோளாறு அல்ல. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் அத்தை மங்கலாக இருந்து, பின்னால் நிற்கும் வாழை மரம் கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். 300 மில்லிமீட்டர் லென்ஸில் நடுக்கத் தடுப்பு இல்லாமல் எடுக்க, ஷட்டர் வேகம் 1/300 விநாடிக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. சிறிய சென்சார் உள்ள கேமராக்களில் 1/500 வைப்பது நல்லது. அத்தை மட்டும் இழுபட்டு மற்றதெல்லாம் தெளிவாக இருந்தால், அத்தைதான் ஆடியிருக்கிறார்!

படம் முழுவதும் ரவை தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் அதைப் படக்காரர்கள் "நாய்ஸ்" என்பார்கள். அது லென்ஸின் நோய் அல்ல. வெளிச்சம் போதாதபோது கேமரா ஐஎஸ்ஓ என்ற எண்ணை 6400, 12800 என்று ஏற்றிவிடுவதால் வருவது. மலிவான தூரத்து லென்ஸ்கள் எஃப் 5.6, எஃப் 6.3 அளவுக்குத்தான் திறக்கும்; உள்ளே வரும் ஒளி குறைவு. மண்டபத்துக்குள் கூடுதல் விளக்கோ, எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் லென்ஸோதான் அதற்கு மருந்து.

செய்தித்தாள் பரீட்சை

இப்போது இறுதிச் சோதனை. ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சத்தில் மேசை மேல் ஒரு செய்தித்தாளைச் சாய்வாக நிறுத்துங்கள். நடுவில் ஒரு தலைப்பு வரியின் கீழே பேனாவால் கோடு போடுங்கள். கேமராவை முக்காலியிலோ, ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கியோ அசையாமல் வையுங்கள். லென்ஸை முழுதும் திறந்து, கோடு போட்ட வரியைக் குறிவைத்துப் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க விடுங்கள்.

பத்தில் ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை. பத்திலும் கோட்டுக்கு முன்வரியோ பின்வரியோதான் கூர்மையாக இருக்கிறதென்றால் ஃபோகஸ் ஒரே பக்கம் தவறுகிறது. கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராவாக இருந்தால், அதே பரீட்சையைப் பின்பக்கத் திரையைப் பார்த்தும் செய்யுங்கள். கண்துவாரம் வழியாக எடுக்கும்போது ஒரு கருவியும், திரை வழியாக எடுக்கும்போது சென்சாரும் தூரத்தை அளக்கின்றன. திரையில் சரியாகவும் கண்துவாரத்தில் தவறாகவும் வந்தால், கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சில கேமராக்களில் இதைத் திருத்த அமைப்பு உண்டு. இல்லாவிட்டால் பழுதுபார்ப்பு நிலையம் திருத்தும். மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரே அளப்பதால் இந்தத் தகராறு அபூர்வம்.

பிறகு செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, நேரெதிரே கேமராவை வைத்து ஒரு படம். நான்கு மூலைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். இடது பக்கம் கூர்மையாகவும் வலது பக்கம் கஞ்சி போலவும் இருந்தால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். மங்கலும் தாளில் மறுபக்கம் மாறினால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அது உண்மையான பழுது. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கடைக்குப் போகப் பயமா?

நம் மக்களில் பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். கங்காணிக்கும் கிராணிக்கும் முன்னால் கைகட்டி நின்ற பழக்கம் கடைக்காரர் முன்னாலும் தொடர்கிறது. தேவையே இல்லை! மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு முதல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கடையில் அட்டை தொங்கினாலும், பழுதான பொருளுக்கு அந்த அட்டை சட்டத்தை மீற முடியாது.

பேசித் தீரவில்லையா? பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் "திரிபுனல் துந்துத்தான் பெங்குனா" என்பார்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019-இல் திருத்திய சட்டப்படி 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். வக்கீல் தேவையில்லை, நீங்களே பேசலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ரசீது, உத்தரவாத அட்டை, பெட்டி, சத்தத்தின் பதிவு, செய்தித்தாள் படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். வாங்கும்போதே உத்தரவாதம் கம்பெனியின் உள்நாட்டு விநியோகஸ்தர் கொடுப்பதா, கடை மட்டும் கொடுப்பதா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது ரகம்தான்.

மௌனம்தான் ஆபத்து

பரீட்சையில் தேறிய லென்ஸைத் துணி அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் பையிலும் நெடுநாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேலே போனால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நம் ஊரிலோ மழை இல்லாத நாளிலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பத்து ரிங்கிட் அளவில் கிடைக்கும் ஈரமானி ஒன்றை உள்ளே போட்டு, முள் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் விட மேலான மருந்து, லென்ஸை வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்து வெளிச்சத்தில் படம் எடுப்பதுதான்.

அந்தப் பையனின் லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்தோம். பூஞ்சணம் போயிற்று, தழும்பு கொஞ்சம் நின்றுவிட்டது. போன மாதம் அக்காளின் குழந்தைக்குக் காதுகுத்து. பையன் அதே லென்ஸோடு முன்வரிசையில் நின்றான். குழந்தை வீறிட்ட அந்தக் கணத்தில் லென்ஸ் "ம்ம்ம்" என்று முனகியதை நானும் கேட்டேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். கண்ணீர்த் துளியும் காதோலையும் தெளிவாக விழுந்திருந்த அந்தப் படம், இப்போது அவர்கள் வீட்டு முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

தாலி கட்டிய படம்தான் இல்லை. அதை இனி எந்த லென்ஸாலும் எடுக்க முடியாது. ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு முன்பே, லென்ஸ் வாங்கிய அதே வாரத்தில், அந்தப் பழைய செய்தித்தாளை எடுத்து மேசை மேல் வையுங்கள்.